நகர்வல இரவுப் படங்களை எதில் திருத்துவது?

மகா சிவராத்திரியை ஒட்டிக் கோணேஸ்வரப் பெருமான் நகர்வலம் வரும் இரவுகளில் திருகோணமலை வீதிகளில் எடுக்கும் படங்கள்தான் எந்தத் திருத்தும் மென்பொருளுக்கும் நான் வைக்கும் பரீட்சை. தீபச் சுடரின் மஞ்சள், எல்.இ.டி. விளக்கின் நீலம், இருளில் நிற்கும் கரிய முகங்கள், வெளிச்சம் பட்டு வெளுத்துப்போன வேட்டி, எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். கமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400க்குக் கீழே இறக்கவும் முடியாது.

பல ஆண்டுகள் அடோபியின் லைட்ரூமில்தான் வேலை செய்தேன். நல்ல மென்பொருள், ஆயிரக்கணக்கான படங்களுக்குள் ஒன்றைத் தேடி எடுப்பதில் அதற்கு நிகரானதை நான் இன்னும் காணவில்லை. ஆனால் சந்தா டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது கல்யாண வேலைகளும் குறைந்திருந்தன. மாற்று வழி தேடியது அப்போதுதான்.

முதலில் கிடைத்தவை டார்க்டேபிள், ரோதெரபி இரண்டும். இரண்டுமே இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆனாலும் குணம் வேறு. ரோதெரபி நுணுக்கமான விவரங்களை வெளிக்கொண்டு வருவதில் மிகச் சிறந்தது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையின் வெடிப்புகளும் கோட்டை மான்களின் புள்ளிகளும் அதில் தெளிவாக வருகின்றன. கிராஃபிக்ஸ் அட்டையை அது நம்பியிருப்பதில்லை என்பதால் பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கும் ஏற்றது. ஒரு முகத்தை மட்டும் தூரிகையால் வரைந்து திருத்த வேண்டுமென்றால்தான் கை கட்டப்பட்டதுபோல் இருக்கும்.

அந்த இடத்தில் டார்க்டேபிள் என்னை வென்றது. அதில் ‘கலர் கலிபிரேஷன்’ என்ற நிறச் சீராக்கக் கருவியை ஒரே படத்தில் இரண்டு முறை பயன்படுத்தலாம். சுடர் ஒளி விழும் பகுதிக்கு ஒன்று, எல்.இ.டி. ஒளி விழும் பகுதிக்கு மற்றொன்று; திருத்தம் விழும் பகுதியை மட்டும் குறிக்கும் ‘மாஸ்க்’ கொண்டு இரண்டையும் பிரித்துவிடலாம். நீலம் பாய்ந்த முகம் மனித நிறத்துக்குத் திரும்பியதை முதல் முறை பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். கற்றுக்கொள்ள மட்டும் பொறுமை வேண்டும். லைட்ரூமின் பழக்கத்தோடு ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தால் படம் கெட்டுப்போகும். முதலில் முகத்துக்குத் தேவையான அளவு வெளிச்சத்தை உயர்த்துங்கள். வேட்டி வெளுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிறகு சிக்மாய்ட் கருவி அந்த வெளுப்பை மென்மையாக அடக்கிக் கொள்ளும். இந்த வரிசை பிடிபட எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு டி.எக்ஸ்.ஓ. ஃபோட்டோலாப் இருக்கிறது. சந்தா இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும். அதன் டீப்பிரைம் இரவுப் படங்களின் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் விதத்துக்கு இலவச மென்பொருள்கள் இரண்டும் ஈடாகாது. இதை மறைப்பதில் பயனில்லை. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும். கேப்சர் வன், கமராவைக் கணினியோடு இணைத்துப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கானது. தோல் நிறத்தைச் சீராக்கும் கருவியும் அருமை. உப்புவெளிக் கடற்கரையில் மணமக்களோடு ஓடுபவருக்கு அந்த விலை அதிகம்.

மாறப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லைட்ரூமில் செய்த திருத்தங்கள் வேறெங்கும் முழுமையாக வராது. சந்தா முடியுமுன் எல்லாப் படங்களையும் தெரிவுசெய்து கன்ட்ரோல், எஸ் விசைகளை அழுத்தி விவரங்களைப் படத்தோடு துணையாக இருக்கும் எக்ஸ்.எம்.பி. கோப்புகளில் சேமியுங்கள். நட்சத்திரக் குறிகளும் குறிச்சொற்களும் டார்க்டேபிளில் அப்படியே தெரியும்; வெட்டல் போன்ற சில திருத்தங்களும் வரும். முடித்துக் கொடுத்த அல்பங்களின் படங்களை முழு அளவில் ஏற்றுமதி செய்து தனி வன்தட்டில் வையுங்கள். சந்தா நின்ற பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மூடப்படும். எனவே பழைய கல்யாணங்களை மறுபடி திருத்த உட்கார வேண்டியதில்லை. அடுத்த வேலையை மட்டும் புதியதில் தொடங்குங்கள். நான் அப்படித்தான் ஒரு புறாத்தீவுப் பயணத்தின் நாற்பது படங்களோடு தொடங்கினேன்.