வோல்ட் மீட்டர் வச்சுப் பார்க்காம டைனமோ மாத்தச் சொன்னா மாத்தாதீங்க: குன்னூர், ஊட்டி பக்கம் பழைய டீசல் வண்டி ஓட்டுறவங்களுக்கு

கேத்தி பாலாடாவில கேரட் ஏத்தி, ராத்திரியோட ராத்திரியா மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குறதுதான் எங்க பொழப்பு. நானும் மச்சானும் மாறி மாறி ஓட்டுற பழைய டீசல் பிக்கப். அந்த வண்டிக்கு மலை மேல ஒரு ஒர்க்‌ஷாப்ல தேவையில்லாம ஒரு பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் (என்ஜின் ஓடும்போது கரண்டு உற்பத்தி பண்ணி பேட்டரியைச் சார்ஜ் ஏத்துறது, நம்ம ஊர்ல டைனமோன்னு சொல்றது இதைத்தான்) தலையில கட்டினாங்க. ரெண்டுக்கும் சேர்த்து 14,500 ரூபாய். கோளாறு இருந்தது ஒரு ஒயர் முனையில.

முதல்ல தெரிஞ்ச அறிகுறியைச் சொல்றேன், ஏன்னா இதை யாரும் கண்டுக்கறதில்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னாடி டேஷ்போர்டுல இருக்கிற சிவப்பு சார்ஜ் லைட், என்ஜின் ஓடும்போது முழுசா அணையாம மங்கலா எரிஞ்சுது. பகல்ல கண்ணுக்கே தெரியாது. ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டா கொஞ்சம் கூடும், அணைச்சா குறையும். கூடவே காலையில சாவி போட்டா ஸ்டார்ட்டர் மெதுவா இழுத்து இழுத்துச் சுத்தும். இதை ஒர்க்‌ஷாப்காரர்கிட்ட தெளிவா சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணா இருக்கும்"னு முடிச்சிட்டார்.

வோல்ட் பார்க்கிற மீட்டரையே அவர் எடுக்கல. என்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டினார். வண்டி நிக்கல. "பாருங்கண்ணா, டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் செத்துப்போச்சு." புது பேட்டரி வந்துது, பழசை எக்ஸ்சேஞ்ச்னு வச்சுக்கிட்டார். கொஞ்ச நாள்ல அதே இழுவை, அதே மங்கல். திரும்பப் போனா, "டைனமோ போச்சுண்ணா"ங்கறார். அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னதும் இதே டைனமோதானேன்னு கேட்டதுக்குப் பதில் இல்லை. புதுசுன்னு சொல்லி ஒண்ணை மாட்டினார். பழையதைக் கேட்டேன், இரும்புக் கடைக்குப் போயாச்சாம். பில் கேட்டேன், துண்டுச் சீட்டு.

அந்தக் கழட்டுற சோதனையைப் பத்தி எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கேபிளை இழுத்து நிறுத்துற பழைய டீசல் என்ஜின் ஓடுறதுக்குக் கரண்டே தேவையில்லை. பம்ப் மெக்கானிக்கல். ஆல்டர்னேட்டர் முழுசா செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். அதனால அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. நல்லா இருக்கிற ஆல்டர்னேட்டரையும் கெடுக்கும். பேட்டரி இணைப்பு திடீர்னு அறுந்தா வோல்டேஜ் ஒரேயடியா எகிறி, உள்ள இருக்கிற டையோடையும் (கரண்டை ஒரே பக்கமா விடுறது) ரெகுலேட்டரையும் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துறது) சுட்டுடும். உங்க கண் முன்னாடி யாராவது ஸ்பேனரோட டெர்மினல் பக்கம் போனா, என்ஜினை நிறுத்தச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க.

அப்புறம் ஒரு ராத்திரி மழையில, மரப்பாலம் தாண்டி ஹெட்லைட் மஞ்சளாகி, மினுக்கி, போயிடுச்சு. வண்டி ஓடுது, வெளிச்சம் இல்லை, ஹாரன் இல்லை. யானை இறங்குற ரோடு, கொண்டை ஊசி வளைவு, பின்னாடி முழு லோடு. மச்சான்தான் ஓட்டினார். ஓரம்கட்டி விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஏலம் போச்சு. அது போகட்டும், அந்த வளைவுல எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தா? எனக்கு இப்பவும் கோபம் அடங்கலை.

மேட்டுப்பாளையத்துல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுத்து வச்சுப் பார்த்தார். அவர் பார்த்த விதத்தை அப்படியே எழுதறேன்.

என்ஜின் ஓடாம, நல்லா சார்ஜ் ஆகி ஆறின 12 வோல்ட் பேட்டரி 12.6 கிட்ட காட்டணும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் கொடுத்தா, பேட்டரி முனையில 13.8லேர்ந்து 14.4க்குள்ள வரணும். எங்க வண்டியில ஹெட்லைட் போட்டதும் 12.4. பெரும்பாலானவங்க இங்கேயே "டைனமோ போச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. அவர் மீட்டர் முனையை ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற பெரிய போல்ட்டுக்கே கொண்டுபோனார். அங்க 14.2! "கரண்டு உற்பத்தி ஆகுது தம்பி, வழியில எங்கேயோ தங்குது"ன்னார்.

லைட் எரியும்போதே மீட்டரோட ஒரு முனையை அந்த போல்ட்லயும் இன்னொண்ணை பேட்டரி பிளஸ்லயும் வச்சார். 1.8 வோல்ட். 0.3க்குள்ள இருக்க வேண்டியது. எர்த் பக்கமும், ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பார்த்தார், அது சரியா இருந்துச்சு. ஒயரைத் தடவிக்கிட்டே போனா ஒரு இடம் கொதிக்குது. டேப்பைப் பிரிச்சா, திம்பிள் (ஒயர் முனையில அழுத்தி மாட்டுற உலோக வளையம்) பச்சை பூத்து, பாதி இழை அறுந்து கிடக்கு. கழுவின கேரட்டோட தண்ணி, மலை ஈரம், சேறு எல்லாம் சேர்ந்து பண்ணின வேலை. சார்ஜ் லைட் மங்கலா எரிஞ்சதும் இதனாலதான். அந்த பல்புக்கு ஒரு பக்கம் ஆல்டர்னேட்டர், இன்னொரு பக்கம் பேட்டரி லைன். ரெண்டும் சமமா இருந்தாத்தான் அணையும்.

புது ஒயர், புது திம்பிள், கூலி சேர்த்து 350 ரூபாய். சார்ஜ் லைட் சுத்தமா அணைஞ்சுது. ஸ்டார்ட்டருக்குத் தனி கேபிள் இருக்கிறதாலதான் பேட்டரி ஏறியிருந்த நாள்ல வண்டி கிண்ணுனு ஸ்டார்ட் ஆச்சாம்.

புதுசுன்னு மாட்டின ஆல்டர்னேட்டரையும் காட்டினார். வெள்ளிப் பெயிண்ட்டுக்கு அடியில பழைய சுரண்டல். பின்மூடியைத் திறந்தா, சுத்துற ஸ்லிப் ரிங் வளையத்துல, அதை உரசிக்கிட்டு கரண்டு கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ச்ச பள்ளம். பழசை ரிப்பேர் பண்ணின ரீகண்டிஷன் பீஸ். ரீகண்டிஷன் தப்பில்லை, அதைச் சொல்லி அந்த விலைக்குத் தரணும். எங்க பழையது நல்லா இருந்ததான்னு இனி யாரும் பார்க்க முடியாது. அதுக்காகத்தான் கழட்டின பாகத்தை அங்கேயே கையில வாங்கிடச் சொல்றேன்.

உண்மையிலேயே ஆல்டர்னேட்டர் கெடறதும் உண்டு. பின் போல்ட்லயே 12 சொச்சம்தான் இருந்தா முதல்ல பெல்ட் தளர்வு, அப்புறம் கார்பன், ரெகுலேட்டர்னு பார்க்கணும். நிறுத்தி வச்ச வண்டியில ராத்திரியோட பேட்டரி இறங்கினா டையோடு மேல சந்தேகப்படலாம். வோல்டேஜ் 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியவே இல்லைன்னா அந்த பல்பை மாத்திப் பாருங்க. பல வண்டியில அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்டே போகுது.

ஒர்க்‌ஷாப்ல போய்க் கேட்டேன். "எலக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு கேரண்டி கிடையாது"ன்னாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. வண்டி தொழிலுக்குன்னு சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது, சுயதொழிலா பொழப்புக்காக வாங்கினவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம், நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்லை. நான் போடப் போறேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, ஸ்லிப் ரிங் போட்டோ, வெட்டி எடுத்த ஒயர் எல்லாம் எடுத்து வச்சாச்சு. எலக்ட்ரீஷியனும் தான் பார்த்த வோல்டேஜை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்.