எட்டாவதுலயே பிளஸ் டூ கணக்கு போடுற புள்ளைய எங்க சேக்குறது?

எங்க அக்கா பொண்ணுக்கு 13 வயசு. பிளஸ் டூ கணக்கு புக்க முடிச்சுட்டு உக்காந்திருக்கா, கிளாஸ்ல மிஸ்ஸு "நீ கைய எறக்கும்மா, மத்த பசங்களும் யோசிக்கட்டும்"னு சொல்றாங்களாம். அக்கா போன் போட்டு "பேசாம சீக்கிரமா காலேஜ்ல சேத்துரலாமாடா தம்பி"ன்னு கேட்டுச்சு. ரெண்டு வாரமா இதையே நோண்டிட்டு இருக்கேன், தெரிஞ்ச வரைக்கும் கொட்டிடறேன்.

மொதல்ல டாக்டர் ஆசை இருந்தா இங்கயே கடைய சாத்திடலாம். நீட் எழுதணும்னா சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும், எவ்ளோ அறிவாளியா இருந்தாலும் வெயிட் பண்ணித்தான் ஆகணும்.

இஞ்சினியரிங் பக்கம் அந்த பூட்டு இல்ல. பீகார் பையன் சத்யம் குமார் 2013ல ஜேஇஇ அட்வான்ஸ்டு கிளியர் பண்ணப்போ 13 வயசுதான், ரேங்க் 679, கான்பூர் ஐஐடில சேந்தாரு. ஆனா ஐஐடி வயச கேக்காட்டியும் பிளஸ் டூ மார்க் ஷீட்ட கேக்கும், அத சீக்கிரமா எப்படி வாங்குறதுங்கறதுதான் இங்க உண்மையான தலைவலி. நிறைய பேரு என்ஐஓஎஸ்ல (ஸ்கூலுக்கு போகாமலே பரீட்சை எழுதுற மத்திய அரசோட திறந்தவெளி பள்ளி) எழுதிடலாம்னு சொல்றாங்க, அதுலயும் பத்தாவதுக்கு 14 வயசு, பன்னெண்டாவதுக்கு 15 வயசு ஆகியிருக்கணும். நம்ம பொண்ணு 17ல சாதாரணமா முடிக்கப்போறா, இவ்ளோ ஓடியும் மிச்சமாகுறது ஒன்னு ரெண்டு வருஷம், அதுக்கு ஸ்கூலு, ஃப்ரெண்ட்ஸு, லேப் எல்லாத்தையும் விடணும். எனக்கு இந்த கணக்கு ஒத்து வரல.

மார்க் ஷீட்டே வேணாம்னு சொல்ற இடம் இருக்கான்னா இருக்கு, ஆனா ரொம்ப ஒசரத்துல இருக்கு. மும்பை மாளவிகா ஜோஷி பத்தாவது பன்னெண்டாவது ரெண்டுமே எழுதல, வீட்லயே படிச்சாங்க, சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட்ல (ஸ்கூல் பசங்களுக்கான கம்ப்யூட்டர் புரோகிராமிங் போட்டி) மூணு மெடல். ஐஐடில எடுக்க முடியாதுன்னுட்டாங்க, காரணம் அதே பிளஸ் டூ. நம்ம சிறுசேரில இருக்கற சென்னை கணிதவியல் கழகம் இருக்கே, அவங்க மட்டும் இந்த புள்ளைக்கு பிஎஸ்சி லெவல் அறிவு இருக்குன்னு பாத்து நேரா எம்எஸ்சி கிளாஸ்ல உக்கார வச்சாங்க (ஓஎம்ஆர்ல அந்த கேட்ட தாண்டி போறப்பல்லாம் எனக்கு இதான் ஞாபகம் வரும்). அப்புறம் 2016ல 17 வயசுல எம்ஐடி எடுத்துகிச்சு, ஏன்னா அங்க ஸ்கூல் சர்டிபிகேட் கட்டாயம் இல்ல. கேக்க நல்லாருக்கு, ஆனா அந்த மூணு மெடல மறந்துட்டு இத பிளான்னு எடுத்துக்காதீங்க.

அமெரிக்காலயே வேற மாதிரியும் ஒன்னு பண்ணிருக்காங்க. சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில 1977ல ராபின்சன்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர் ஆரம்பிச்சது, 15 வயசுக்கு கீழ இருக்கற பசங்கள கும்பலா எடுத்து, ஒரு வருஷம் தயார் பண்ணி, சேத்தே காலேஜுக்குள்ள அனுப்புறது. எனக்கு இதுல பிடிச்சதே அந்த கும்பல்தான். இதுக்கு நேர் எதிர் இங்கிலாந்து கணக்குப் புலி ரூத் லாரன்ஸ், 1983ல 12 வயசுல ஆக்ஸ்ஃபோர்டு, அப்பா லெக்சருக்கெல்லாம் கூடவே போவாரு, 85ல ஃபர்ஸ்ட் கிளாஸ். படிப்புல ஒரு கொறையும் சொல்ல முடியாது, ஆனா கேன்டீன்ல பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு யோசிச்சா எனக்கு வயித்த பெசையுது. சரி, சியாட்டில் ரூட்டு அங்கயே குடும்பத்தோட இருக்கற மைக்ரோசாஃப்ட், அமேசான் நம்மாளுங்களுக்கு ஓகே, மன்னார்குடில இருக்கற எங்கக்காவுக்கு உதவாது.

மெட்ராஸ் ஐஐடியோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் கொஞ்சம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கு. வயசு வரம்பு கெடையாது, பதினொன்னாவது பரீட்ச எழுதுனதுமே குவாலிஃபையருக்கு (சேர்றதுக்கான தகுதித் தேர்வு) அப்ளை பண்ணலாம், பாஸானா பிளஸ் டூ முடிச்சதும் சேந்துக்கலாம். பாடம் வீட்லருந்தே, பரீட்சைக்கு மட்டும் சென்டருக்கு போவணும், நடுவுல டிப்ளமோவோட எறங்கிக்கவும் வழி இருக்கு. ஆனா கணக்குல மூழ்குற புள்ளைக்கு டேட்டா சயின்ஸ் புடிக்குமான்னு அவளத்தான் கேக்கணும், சும்மா ஐஐடின்னு பேரு இருக்குன்னு தள்ளி விடக்கூடாது.

என் மனசு போறது ஆஸ்திரேலியால பொறந்த கணித மேதை டெரன்ஸ் டாவோ வீட்ல பண்ணத நோக்கி. ஒன்பது வயசுல யுனிவர்சிட்டி கணக்கு கிளாஸுக்கு போனாரு, ஆனா மத்த பாடத்துக்கு ஸ்கூல்லயேதான் இருந்தாரு, முழுநேரமா யுனிவர்சிட்டிக்கு போனது பின்னாடிதான். 21 வயசுல பிரின்ஸ்டன்ல பிஎச்டி, அதுல என்ன லேட்டாயிடுச்சு சொல்லுங்க? நம்மூர்ல எட்டாங்கிளாஸ் புள்ளைய மத்தியானம் மட்டும் காலேஜுக்கு அனுப்புங்கன்னு ஹெச்எம் கிட்ட கேட்டா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. அதுக்கு பக்கத்துல வர்றது கணக்கு ஒலிம்பியாட்தான், எட்டாவதுலருந்தே அதோட மொத கட்ட பரீட்சை ஐஓக்யூஎம் எழுதலாம், அங்கருந்து மண்டல அளவுல ஆர்எம்ஓ, தேசிய அளவுல ஐஎன்எம்ஓ. பிளஸ் டூ கணக்கு முடிச்ச புள்ளையே மொத பேப்பர்ல முழி பிதுங்கி நிக்கும், அதான் வேணும் அவளுக்கு. மெட்ராஸ் ஐஐடியும் 2025லருந்து ஒலிம்பியாட் பசங்களுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு இல்லாம தனி சீட் வச்சிருக்கு.

அக்காகிட்ட ஸ்கூல மாத்தாத, செப்டம்பர்ல ஐஓக்யூஎம் எழுத விடுன்னு சொல்லிருக்கேன். அக்காவுக்கு திருப்தி இல்ல, "அப்ப ஒன்னும் செய்ய வேணாங்கிற"ன்னு போன வச்சிருச்சு. பொண்ணு மட்டும் ராத்திரி பழைய கொஸ்டின் பேப்பர் லிங்க் அனுப்பு மாமான்னு மெசேஜ் போட்டிருந்தா.