இருமலுக்கு வீட்டு மூலிகை: உதகையில் கற்பூரவல்லியா, தைமா?

சமவெளியிலிருந்து உதகைப் பக்கம் குடிவருகிறவர்கள் தவறாமல் இரண்டு செடிகளைக் கொண்டுவருகிறார்கள். மாடத்துக்குத் துளசி, மருந்துக்குக் கற்பூரவல்லி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினோம். இப்போது மருந்துச் செடியின் இடத்தில் தைம் (thyme) என்ற ஐரோப்பிய மூலிகை நிற்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்று புதிதாகக் குடிவரும் அக்கம்பக்கத்தார் கேட்பதால் இதை எழுதுகிறேன். என் சாய்வு தைம் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். துளசி வெப்பத்தை விரும்பும் செடி; இங்கே குளிர்காலத்தில் இலை உதிர்ந்து குச்சியாகிவிடும். ரோஸ்மேரி குளிரைத் தாங்கும், வேலியோரம் அழகாக நிற்கும், சமையலுக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் ஆகும். ஆனால் இருமலுக்கு நான் முதலில் தேடுவது அதையல்ல. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், 1840-களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மலைக்கு வந்துவிட்டது. ஆவி பிடிக்க அதன் இலை போல வேறில்லை. ஆனால் அதை வீட்டுத் தோட்டத்தில் நட முடியாது, நடவும் வேண்டாம்.

எஞ்சுவது கற்பூரவல்லியும் தைமும்.

கற்பூரவல்லியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தடித்த இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து, சில துளி தேனோடு குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக நடப்பது. (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) இந்தச் செடி நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. வியட்நாமில் இதே இலையைச் சிறிய எலுமிச்சை வகைப் பழத்தோடும் கற்கண்டோடும் ஆவியில் வேகவைத்து, பிள்ளைகளின் இருமலுக்குக் கொடுக்கிறார்கள். பிலிப்பைன்ஸிலும் இலைச்சாறுதான் இருமல் மருந்து. சுமத்ராவின் பட்டாக் மக்கள் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள்: பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று இந்த இலையைக் குழம்பாக வைத்துத் தருகிறார்கள். நம் ஊரில் பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் போகும் இலை அங்கே பேறுகால உணவு.

தைம் மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைப் பகுதிகளில் கல்லும் சுண்ணாம்புமான வறண்ட சரிவுகளில் வளர்ந்த குறுஞ்செடி. ஐரோப்பியப் பாட்டி வைத்தியத்தில் நெஞ்சுச்சளிக்கு இதன் இலைக் கஷாயம்தான் முன்னால் நிற்கும். ஐரோப்பிய மருந்துகள் முகமையும், சளியோடு கூடிய இருமலுக்கான மரபு மூலிகையாக இதை ஏற்றிருக்கிறது. நீலகிரியில் விவசாயிகள் ரோஸ்மேரியோடு சேர்த்து இதையும் பணப்பயிராக வளர்க்கிறார்கள். அதனால் நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரன் செடி நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டார் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார். "அத்தை, ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்" என்றேன். முகர்ந்தவர், "ஓமம் மாதிரி இருக்கிறதே!" என்றார். அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது. ஓமத்துக்கு வாசனை தரும் தைமால் (thymol) என்ற பொருள்தான் தைம் இலைக்கும் வாசனை தருகிறது. கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்றும் பெயர் இருப்பது சும்மா இல்லை. அதன் எண்ணெயில் இருப்பவையும் தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும்தான். இந்த இரண்டும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. ஓர் ஆக்ஸிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டுமே வேறு. காஸ்பர் நியூமன் என்ற ஜெர்மானியர் தைமாலைத் தைம் செடியிலிருந்து பிரித்தெடுத்தது 1719-இல். பிற்காலத்தில் கிருமிநாசினியாக அதன் தேவை பெருகியபோது, நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போர் வரை அந்த வணிகம் நடந்தது. இன்று வாய் கொப்பளிக்கும் லிஸ்டரினிலும் தைமால் இருக்கிறது. ஆகவே எது உயர்ந்த மருந்து என்று இரண்டையும் மோதவிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை.

உதகையில் முடிவைத் தீர்மானிப்பது உறைபனி.

நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் நிலத்தின் சூடு முழுவதும் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டில் பனி படியாத இரவிலும் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிக் கிடக்கிறது. எங்கள் வீடும் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில்தான் இருக்கிறது.

கற்பூரவல்லியின் இலை முழுக்கத் தண்ணீர். அந்தச் சாறுதான் நமக்கு மருந்து. உறைபனியில் அதற்கு எமனும் அதே சாறுதான். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்கள் சிதைகின்றன. காலை வெயில் பட்டதும் இலை கண்ணாடி போலாகி, மதியத்துக்குள் கறுத்துத் தொங்குகிறது. தண்டும் அழுகினால் அடியோடு போயிற்று. தைம் இலை அரிசியை விடச் சற்றே பெரியது, தோல் போலத் தடித்தது, நீர் குறைந்தது, தண்டு நார்க்கட்டை. உறைபனி படிந்த காலையில் செடி வெளுத்து நிற்கும், வெயில் ஏறியதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். குளிர் மாதங்களில் புதுத் துளிர் குறையும் என்பது உண்மை. ஆனால் பறிக்க இலை இருக்கும்.

இருமல் இந்த மலையில் எப்போது வருகிறது என்று பாருங்கள். உறைபனி விழும் அதே மாதங்களில்தான். சித்திரையில் தளதளவென்று படர்ந்து, மார்கழியில் கறுத்துப்போகும் செடியால் மார்கழி இருமலுக்கு என்ன பயன்? சாக்குப் போர்த்தலாம், தொட்டியில் வைத்து மாலைதோறும் வீட்டுக்குள் தூக்கி வைக்கலாம். நாங்கள் இரண்டும் செய்தோம். சமையலறை ஜன்னலில் வைத்த செடி வெளிச்சம் போதாமல் கொடி போல நீண்டது, இலை சிறுத்தது, வாசனையும் மட்டுப்பட்டது. ஒரு கிளையை உள்ளே காப்பாற்றி மாசியில் மறுபடி நடுவது எளிது. கற்பூரவல்லி ஒடித்து வைத்தாலே பிடித்துக்கொள்ளும். அதனால் செடி பிழைக்கும், ஆனால் தேவைப்படும் மாதங்களில் இலை கிடைக்காது. வேலைக்குப் போகும் வீட்டில், இருட்டிய பிறகு குளிரில் தொட்டி தூக்குவதும் எத்தனை நாள் நடக்கும்?

சேமிப்பிலும் இதே கதை. கற்பூரவல்லியை உலர்த்தினால் சருகுதான் மிஞ்சும். தைமைப் பூக்கும் முன் அறுத்து நிழலில் காயவைத்து, உருவி டப்பாவில் அடைத்தால் குளிர்காலம் முழுவதும் வரும். பெரியவர்களுக்கு, ஒன்று முதல் இரண்டு கிராம் காய்ந்த இலைக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றி, கட்டாயம் மூடிவைக்க வேண்டும். தைமால் ஆவியோடு போய்விடும் பொருள் என்பதால் திறந்துவைத்தால் வாசம் அறைக்கும் வெறும் தண்ணீர் நமக்கும்தான். பத்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குடிக்கலாம். தைம் எண்ணெய் என்று சிறு குப்பியில் விற்பது வேறு. அது செறிவு மிகுந்தது, வாய்க்குள் போகக் கூடாது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் என் உறுதி கொஞ்சம் தளர்கிறது. கற்பூரவல்லிச் சாற்றை எந்த வயதுக்கு எவ்வளவு கொடுப்பது என்று நம் பெரியவர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. தைமில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. எங்கள் வீட்டில் தைம் கஷாயம் பெரியவர்களுக்கு மட்டுமே. கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். யாருக்கானாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை நம்பி இருக்காமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தைமுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது மழை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும்போது வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பாத்தியை ஒரு முழம் உயர்த்தி, மணலும் சிறு கல்லும் கலந்து, சரிவாக விட வேண்டும். இந்த மலை மண் புளிப்பானது. செடியோ சுண்ணாம்பு நிலத்துக்காரன். உருளைக்கிழங்குக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடி போட்டால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையோடு நட்டால் பருவமழைக்குள் வேர் பிடிக்கும். அறுக்கும்போது பச்சைத் தண்டோடு நிறுத்துங்கள். கட்டையில் வெட்டினால் துளிர்ப்பது அரிது. சில ஆண்டுகளில் செடி முழுக்கக் கட்டையாகிவிடும். அதற்குள் பதியனிட்டுப் புதுச்செடி எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் பராமரிப்பு.

உறைபனி எட்டாத தாழ்வான ஊர்களில் என் தேர்வு மாறும். கூடலூரிலோ பர்லியாரிலோ குடியிருந்தால் யோசிக்காமல் கற்பூரவல்லியைத்தான் நடுவேன். அங்கே அது ஆண்டு முழுவதும் தழைக்கும், தைமுக்கோ வெக்கையும் மழையும் சேர்ந்து ஆகாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடு மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பழனி மலையில் நான் செடி வளர்த்ததில்லை. கொடைக்கானலும் ஏறத்தாழ உதகையின் உயரம்தான், ஏரிப் பக்கம் உறைபனியும் விழுகிறது. ஆகவே அங்கும் தைம்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். அங்கே இரண்டையும் வளர்த்துப் பார்த்தவர்களின் சொல் என் ஊகத்தைவிட நம்பத்தக்கது.