ஸ்டெப்னி இல்லாத சொகுசு

விலை இறங்கிக் கிடக்கும் ஜெர்மானிய சொகுசு செடான் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று சென்னை நண்பர் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு செடானும் 1990களின் டாடா எஸ்டேட் (ஸ்டேஷன் வேகன்) ஒன்றும் எங்கள் பெங்களூரு அல்சூர் வீட்டில் இருப்பதால் கேள்வி என்னிடம் வந்தது. எஞ்சின், இருக்கை, ஆடியோ பற்றியெல்லாம் அவருக்கே தெரியும் என்பதால், நான் டயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செடானில் ஸ்டெப்னி கிடையாது. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மோட்டார் வாகன விதிகளே திருத்தப்பட்டுவிட்டதால், சட்டப்படி குறை சொல்லவும் வழியில்லை. காற்று முழுவதும் போனாலும் செடானில் உள்ள ரன்ஃபிளாட் டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் ஓடும் என்கிறார்கள். ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் ஆணி ஏறினால் அல்சூர் 90 கி.மீ.க்கு மேல், ஓசூரைத் தாண்டி, பெங்களூரு எல்லைக்குள் நுழைந்த பிறகு, வீடு வருவதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

இப்போதைய செலவுக்குக் காரணம் ஆணிகூட அல்ல. அவுட்டர் ரிங் ரோட்டில் மழைநீர் மூடியிருந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கியது. மறுநாள் காலையில் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. உள்ளிருக்கும் நார்கள் அறுந்து, காற்று ரப்பரை வெளியே தள்ளுவதால் வரும் புடைப்பு இது. ஒட்டுப் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். அந்த அளவு இருப்பில் இல்லை என்றார்கள். டயர் வந்தபோது, ஜோடியாக மாற்றுவதே நல்லது என்றார்கள். இரண்டு டயருக்கான பில்லைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன் என்பதையும் நண்பர் கணக்கில் கொள்ளட்டும்.

எஸ்டேட் இதே சாலையில்தான் ஓடுகிறது. பஞ்சரானால் ஜாக்கி வைத்து, ஸ்டெப்னியை மாட்டி, கழற்றியதை வழியில் எந்தக் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். பின்சீட்டை மடக்கினால், தர்மபுரியிலிருந்து அரிசி மூட்டைகளோடு முழு வாழைத்தாரும் நசுங்காமல் வந்து சேரும். செடானின் டிக்கி ஆழமானதுதான், வாய்தான் குறுகல். எஸ்டேட்டின் அதே எஞ்சின் டாடாவின் சியரா, சுமோ வண்டிகளிலும் இருந்ததால் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் கிடைத்துவிடுகிறது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்குக்குத்தான் அலைய வேண்டும்.

இருந்தாலும் நியாயம் பேச வேண்டும். எஸ்டேட் 1948 சிசி டீசல், 68 குதிரைத்திறன்; பாரத்தோடு மேட்டில் லாரியை முந்த நினைப்பதே வீண். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மழையில் பிரேக் பிடிப்பதில் தொடங்கி, சில்க் போர்டு நெரிசலில் முதுகு வலிக்காமல் உட்கார்ந்திருப்பது வரை செடானே மேல். அடுத்த மாதம் மாமியாரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக நான் எடுக்கப்போவதும் அதைத்தான்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. கேட்காமல் வாங்கத்தான் போகிறார் என்றால், அந்த அளவு டயர் சென்னையில் எந்தக் கடையில் கையிருப்பில் உள்ளது, ஜோடி என்ன விலை என்று விசாரித்துவிட்டு, அதன் பிறகு வண்டியைப் பார்க்கப் போகட்டும்.