எச்-இண்டெக்ஸோடு ஏழு ஆண்டுகள்

நான் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகர். எங்கள் நரம்பியல் பேராசிரியை ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை உலகம் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுப்பது ஏழு ஆண்டுகளாக என் பொறுப்பு. பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று எதற்கு விண்ணப்பித்தாலும் முதல் பக்கத்தில் ஓர் எண் கேட்கிறார்கள்.

அந்த எண்தான் எச்-இண்டெக்ஸ். மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில் ஒன்றான கூகுள் ஸ்காலரில் முதல் ஆண்டு அது 24 என்று வந்தது. அதே வேலையைச் செய்யும் கட்டணத் தளங்களான ஸ்கோபஸில் 17, வெப் ஆஃப் சயின்ஸில் 15. "தராசுக்குத் தராசு எடை மாறுகிறதே சார், எதை எழுதுவது?" என்றார் மேடம். மூன்றுமே சரிதான், குவியல்தான் வேறு. ஸ்காலர் ஆய்வேடுகள், இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் முன்பதிப்புகள், அறிக்கைகள் என்று அகப்பட்டதை எல்லாம் சேர்த்து எண்ணும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டுமே பார்க்கும். எச்-இண்டெக்ஸ், 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த குறியீடு. 17 என்றால் 17 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 17 முறை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று பொருள். ஆய்வாளர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் இது ஏறுமே தவிர இறங்காது. இளையவரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

எண்களைவிட என்னை அதிகம் படுத்தியது மேடத்தின் பெயர். திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்பு கணவருடையது. சில இதழ்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டன. கட்டணத் தளம் ஒன்றில் அவர் மூன்று ஆட்களாகப் பிரிந்து கிடந்தார். ஒன்று சேர்க்க நான்கு மாதமும் மூன்று கடிதங்களும் ஆயின. இன்னொரு தளத்தில் அதே பெயருடைய கால்நடை மருத்துவர் ஒருவரின் கட்டுரைகள் இவர் கணக்கில் ஏறிவிட, எங்கள் நரம்பியல் நிபுணர் ஓராண்டு கோழி நோய்களுக்கும் நிபுணராக இருந்தார். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் எண்ணை வாங்கி, அனுப்பும் கட்டுரைகளில் எல்லாம் அதைக் குறிப்பிடத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவிடுவது நல்லது. இலவசம்தான்.

மூன்றாம் ஆண்டில், மருத்துவக் கட்டுரைகளின் மேற்கோள்களைக் கணக்கிடும் ஐசைட் (iCite) தளத்துக்கு வந்தேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுடையது, கட்டணம் இல்லை. இதன் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம், ஒரு கட்டுரையை அதே துறைக் கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடுகிறது. அந்நிறுவன நிதியில் வரும் கட்டுரைகள் வழக்கமாகப் பெறும் அளவுதான் 1. மேடம் எழுதுவது நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்குவதால் வரும் வலிப்பைப் பற்றி. அல்சைமர் என்ற மறதி நோயை ஆராய்கிறவர்களின் பெருங்கூட்டத்தோடு வெறும் எண்ணிக்கையில் போட்டியிட்டால் அவர் என்றைக்கும் பின்தங்கித்தான் நிற்பார். இங்கே ஓரளவு நியாயம் கிடைக்கிறது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைப் பட்டியலில் உள்ளவை மட்டுமே கணக்கில் வரும் என்பதும், புதுக் கட்டுரைகளுக்கு எண் நிலையாக இராது என்பதும் குறைகள்.

எந்தத் தளமும் சொல்லாத ஒன்று உண்டு: மேற்கோள் ஏன் வந்தது என்பது. நோயாளியின் சுயநினைவை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் பற்றி 1974இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை, அந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள். 2006இல் நேச்சர் இதழில் வந்த அல்சைமர் கட்டுரை ஒன்று, படங்களில் முறைகேடாக மாற்றம் செய்யப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அது சுமார் 2,500 மேற்கோள்கள் வாங்கியிருந்தது. மறுபக்கம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். வலிப்போடு வருகிறவர்களின் சிடி ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டிகளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவந்த காலத்தில், அவற்றில் பல இந்த இளம்புழுக்களே என்று அங்குள்ள மருத்துவர்கள் 1980களின் இறுதியில் காட்டினார்கள். தேவையில்லாத காசநோய் மாத்திரையிலிருந்து தப்பிய நோயாளி எந்தக் கட்டுரைக்கும் மேற்கோள் எழுதப்போவதில்லை.

அதனால் இப்போது நான் இரண்டாவது பக்கம் ஒன்றையும் இணைக்கிறேன். மருத்துவச் சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் எந்தக் கட்டுரையைக் காட்டியிருக்கின்றன என்பதை ஐசைட் தனியே தருகிறது. அவற்றைத் திறந்து, உரிய வரியைப் படித்து, சும்மா பெயர் சொன்னதா, முறையைப் பின்பற்றியதா, மறுத்ததா என்று கையாலேயே பிரிக்கிறேன். ஒரு கட்டுரைக்கு அரை நாள் போய்விடுகிறது. சென்ற ஆண்டு, வெறும் 9 மேற்கோள் பெற்ற கட்டுரை ஒன்று வழிகாட்டி ஒன்றில் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்ற பத்தியில் இருந்ததைக் கண்டேன். மேடத்துக்கே அது தெரியாது.

எண்ணை எடுத்த தளத்தையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். போன திங்கட்கிழமை எச்-இண்டெக்ஸ் 30 என்று அச்சிட்டுக் கொடுத்தேன், புதன்கிழமை 31 ஆகிவிட்டது. ஏற்றிவிட்ட அந்த ஒரு மேற்கோள் யாருடையது என்று போய்ப் பார்த்தேன். மேடத்தின் புதிய கட்டுரைதான்.