லோன் சைனிங் ஏஜென்ட் ஆக எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் பத்திரக் கட்டை எடுத்துக்கொண்டு கடன் வாங்குபவர் வீட்டுக்கே போய், கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து, அன்றே கூரியரில் சேர்த்துவிடும் நோட்டரிக்குத்தான் லோன் சைனிங் ஏஜென்ட் என்று பெயர். இந்தியாவில் நோட்டரி என்றால் பல வருடம் பிராக்டீஸ் செய்த வக்கீல். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற டெக்சாஸின் நிபந்தனையை 1984-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் கிரீன் கார்டில் இருக்கும் தமிழர்களும் இந்த வேலைக்கு வரலாம். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வராமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

பணம் வீணாவது பெரும்பாலும் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். நோட்டரி கமிஷனை, அதாவது நோட்டரியாகச் செயல்படுவதற்கான நியமனத்தை, மாநில அரசு தருகிறது. சான்றிதழைத் தனியார் அமைப்பு தருகிறது. பத்திரங்களைக் கையாளும் திறமையைப் பயிற்சிதான் தர வேண்டும். மூன்றையும் முழுதாகத் தரும் ஒரே படிப்பு கிடையாது. ‘லோன் சைனிங் ஏஜென்ட் லைசென்ஸ் தருகிறோம்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். கமிஷன் தருவது அரசின் வேலை. தனியாக லைசென்ஸ் கேட்கும் சில மாநிலங்களிலும் அதைத் தருவது அரசுதான்.

முதலில் மாநிலத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 6 மணி நேர வகுப்பு, அரசுத் தேர்வு, கைரேகைப் பரிசோதனை, 15,000 டாலர் பாண்ட் (நோட்டரியின் தவறால் நஷ்டப்படுபவருக்கான உத்தரவாதப் பத்திரம்) எல்லாம் கட்டாயம். ஃபுளோரிடாவில் முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு 3 மணி நேர வகுப்பும் 7,500 டாலர் பாண்டும் போதும். இவை கமிஷனுக்கான வகுப்புகள், கட்டணமும் குறைவு. கடன் பத்திரங்களைப் பற்றி இவற்றில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் கடன் குளோசிங், அதாவது கையெழுத்து வாங்கிக் கடனை முடிப்பது, வக்கீலின் பொறுப்பு. தனியாக இயங்கும் சைனிங் ஏஜென்டுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. மேரிலாந்து, இந்தியானா மாநிலங்களில் டைட்டில் இன்ஷூரன்ஸ் (சொத்துரிமைக் காப்பீடு) லைசென்ஸும் வாங்க வேண்டும். டெக்சாஸில் ஹோம் ஈக்விட்டி கடனை (சொந்த வீட்டின் மதிப்பை வைத்து வாங்கும் கடன்) கடன் தருபவர், வக்கீல், சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி ஆகியோரில் ஒருவரின் அலுவலகத்தில்தான் முடிக்க வேண்டும். சமையலறை மேஜையில் முடித்தால் கடனுக்கே ஆபத்து. நாடு முழுவதற்குமாக விற்கப்படும் படிப்புகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். உங்கள் மாநிலத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து நேஷனல் நோட்டரி அசோசியேஷன். 1957 முதல் இயங்கும் இந்த அமைப்பின் சைனிங் ஏஜென்ட் சான்றிதழை ஒரு நுழைவுச் சீட்டாக நினைத்தால் ஏமாற்றம் இருக்காது. வெளியாட்கள் செய்யும் தவறுக்கும் வங்கியே பொறுப்பு என்று 2012-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் பின்னணிச் சோதனையும் தேர்வும் வழக்கமாகிவிட்டன. எந்தச் சட்டமும் இந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நோட்டரிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடைத்தரகு நிறுவனங்களான சைனிங் சர்வீஸ்கள் பல, இது இல்லாதவர்களை அழைப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதன் பலம் நடத்தை விதிகளும் அங்கீகாரமும். 150 பக்கக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தருவதாகச் சொல்பவற்றில் அதிகம் பேசப்படுபவை நோட்டரி டூ ப்ரோ, லோன் சைனிங் சிஸ்டம் இரண்டும்தான். முதலாவதில் பத்திர அறிவும், படித்து முடித்த பின் வழிகாட்டியிடம் சந்தேகம் கேட்கும் வசதியும் முன்னால் நிற்கின்றன. இரண்டாவது பத்திரங்களைச் சொல்லித்தந்தாலும், இடைத்தரகரைத் தாண்டி எஸ்க்ரோ ஆபீசரிடம் (டைட்டில் கம்பெனியில் கடன் முடிப்பைக் கவனிப்பவர்) நேரடியாக வேலை பிடிப்பதுதான் அதன் அடையாளம். அந்த வித்தியாசம் பணத்தில் தெரியும். சைனிங் சர்வீஸ் மூலம் வந்தால் ஒரு வேலைக்கு 75 முதல் 125 டாலர். டைட்டில் கம்பெனி நேரடியாகக் கொடுத்தால் 125 முதல் 200 வரை போகும். ஆனால் நேரடியாகப் பிடித்த வாடிக்கையாளரிடம் முதல் வேலையிலேயே தவறினால் அந்த அலுவலகக் கதவு மறுபடி திறக்காது. எனவே கடன், வங்கி, ரியல் எஸ்டேட் எதிலும் பழக்கமில்லாதவர் பத்திரப் பயிற்சியை முதலில் எடுக்கட்டும். ஏற்கெனவே டைட்டில் அலுவலகத்திலோ அடமானக் கடன் துறையிலோ வேலை பார்த்தவருக்கு வியாபாரப் பயிற்சி மட்டும் போதும்.

பத்திரப் பயிற்சி சரியானதுதானா என்று சோதிக்க ஒரே ஒரு பத்திரம் போதும்: ‘ரைட் டு கேன்சல்’ நோட்டீஸ். குடியிருக்கும் வீட்டை ரீஃபைனான்ஸ் செய்பவருக்கு, அதாவது புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பவருக்கு, கடனை ரத்து செய்ய மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. இந்தக் கணக்கில் சனிக்கிழமை சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. வியாழக்கிழமை கையெழுத்தானால் வெள்ளி, சனி, திங்கள் என்று எண்ணி, திங்கள் நள்ளிரவில் அவகாசம் முடியும். வீடு வாங்கும் கடனுக்கும் வாடகைக்கு விடும் வீட்டுக்கும் இது கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி தர வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து நான்கு. அந்தப் பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு கோடும் ‘ரத்து செய்கிறேன்’ என்று இன்னொரு கோடும் இருக்கும். அவசரத்தில் இரண்டாவது கோட்டில் கையெழுத்து விழுவது இந்தத் தொழிலின் பழைய தவறு. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் கடன் பணம் நின்றுவிடும், எல்லோரும் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். நாள் கணக்கையும் இந்த இரண்டு கோடுகளையும் பெரிய எழுத்தில் காட்டாத பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதேபோல அக்னாலெட்ஜ்மென்டுக்கும் ஜுராட்டுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் ஆளை அடையாளம் கண்டு, கையெழுத்து அவருடையதே என்று அவர் ஒப்புக்கொள்வதைப் பதிவு செய்கிறோம். பின்னதில் சத்தியம் செய்யச் சொல்லி, நம் கண் முன்னால் கையெழுத்துப் போட வைக்கிறோம். சத்தியம் செய்யச் சொல்லாமல் முத்திரை மட்டும் வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது சட்டப்படி குறை. வட்டி எவ்வளவு என்று கடன் வாங்குபவர் கேட்டால் நோட் என்ற கடன் உறுதிப் பத்திரத்தில் அந்த வரியைக் காட்டலாம். அது நல்ல வட்டியா என்று கேட்டால் வாய் திறக்கக் கூடாது, லோன் ஆபீசருக்குப் போன் போட்டுத் தர வேண்டும். மாதிரி உரையாடலோடு இதைப் பழக்கும் படிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இலவச யூடியூப் வீடியோக்களை ஒதுக்க வேண்டியதில்லை. பிரின்டர் வாங்குவதற்கு முன் அவற்றைப் பார்ப்பது நல்லது: லெட்டர், லீகல் இரண்டு அளவுத் தாளும் ஒரே கட்டில் வரும் என்பதால் இரண்டு தட்டு உள்ள லேசர் பிரின்டர் தேவை. 150 பக்கக் கட்டுக்கு ஒரு பிரதி கையெழுத்துக்கு, ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு என 300 தாள். ஆனால் வீடியோ பழையதா புதியதா என்று பாருங்கள். 2021 ஜனவரியில் 30 வருடக் கடன் வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. ரீஃபைனான்ஸ் மழையாகக் கொட்டிய காலம் அது. 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79 சதவீதத்தைத் தொட்டது, மழை நின்றுவிட்டது. முதல் காலத்து வருமானத்தைக் காட்டி இன்றைக்குப் படிப்பு விற்பது நியாயமில்லை.

கட்டணத்தை எடைபோட எளிய வழி உண்டு. 100 டாலர் வேலையில் தாள், டோனர், பெட்ரோல் போகக் கைக்கு 70 நிற்கும் என்று வையுங்கள். 350 டாலர் படிப்பு ஐந்து வேலையில் திரும்பிவிடும். ஆயிரம் டாலரைத் தாண்டும் தொகுப்புக்குப் பதினைந்து வேலை ஆகும். புதியவருக்கு அந்தப் பதினைந்து எத்தனை மாதத்தில் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. இணையவழி நோட்டரி பயிற்சியைத் தொகுப்போடு சேர்த்து விற்றால், முதல் முப்பது வேலை முடியும்வரை அது வேண்டாம். அதற்கென்று மாநிலத்தில் தனிப் பதிவும் தனி மென்பொருளும் தேவை.

வரி பற்றியும் கேளுங்கள். நோட்டரி செயலுக்கான கட்டணத்துக்குச் சுயதொழில் வரி கிடையாது. பயணம், அச்சு, பத்திரக் கட்டைக் கையாள்வது ஆகியவற்றுக்கான கட்டணத்துக்கு உண்டு. இரண்டையும் பிரித்து எழுதிவைக்கச் சொல்லித்தராத பயிற்சி வரி தாக்கல் செய்யும் ஏப்ரல் மாதத்தில் செலவு வைக்கும்.

தமிழ் வாடிக்கையாளர்களைத் தேடிப் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பெயர்ப் பொருத்தத்துக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால் விசாவில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர், டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டவர், இனிஷியலை முன்னால் எழுதிப் பழகியவர் எல்லோரும் அங்கே கடன் வாங்குகிறார்கள். பத்திரத்தில் உள்ள பெயர் அடையாள அட்டையில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருக்கக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். எழுத்து மாறியிருந்தால் நோட்டரி தன் பேனாவால் திருத்தக் கூடாது. டைட்டில் கம்பெனிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அவர்கள் சரி என்றால் அச்சிட்டபடியே கையெழுத்து வாங்கி, மற்ற பெயர்களைப் பெயர் அஃபிடவிட்டில் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையெழுத்து வாங்க வேண்டும்.