படிப்பு நின்ற பெண்ணுக்குப் பத்தாவது: என்.ஐ.ஓ.எஸ்ஸா, படிவம் 17-ஆ?

வீட்டுக் கொடுமையால் படிப்பை விட்ட தாராவிப் பெண் பத்தாவது எழுத இரண்டு வழி: தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ், மகாராஷ்டிர வாரியத் தேர்வைப் பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுத நிரப்பும் படிவம் 17. இரண்டுக்கும் 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆபத்து தீரவில்லை என்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்; படிவமெல்லாம் அப்புறம்.

படிவம் 17-இல் சிக்கல் பள்ளி விட்ட சான்றிதழில்தான். வீட்டை விட்டு வந்தவளிடம் அது எங்கே இருக்கும்? நகல் கேட்டுப் பழைய பள்ளிக்குப் போனால் சேதி வீட்டுக்கு எட்டலாம். சான்றிதழ் கையில் இருந்து, மராத்தியும் வந்தால் தாராளமாக எழுதலாம். பக்கத்து டியூஷன்களில் நடத்துவதும் அந்தப் பாடத்திட்டம்தான்.

என்.ஐ.ஓ.எஸ்ஸில் பிறந்த தேதி, அடையாளம், முகவரிச் சான்றுகளோடு, பத்தாவது படிக்கத் தயார் என்ற சுய உறுதிமொழி போதும். ஐந்து பாடம், ஐந்து வருடம், ஒன்பது தேர்வு வாய்ப்பு. தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. படிப்பு அடிக்கடி அறுபடும் பெண்ணுக்கு இதையே சொல்வோம். பலர் கோட்டைவிடுவது ஒப்படைப்புகளில். அதற்கே 20 சதவீத மதிப்பெண். பதியும்போது அப்பாவின் செல்போன் எண்ணைக் கொடுக்காதீர்கள்: ஓடிபியும் குறுஞ்செய்திகளும் அதற்குத்தான் போகும்.